மேஃபிளவர் வரை போகும் கொடிவழி: எது சான்று, எது ஊகம்?

2008 மார்ச்சில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்க அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த பராக் ஒபாமாவும் நடிகர் பிராட் பிட்டும் உறவினர்கள், ஒன்பதாம் கசின்கள் என்பதே அது. சொன்னது பாஸ்டனில் 1845 முதல் இயங்கும் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம். இருவருக்கும் பொது மூதாதை என்று அது காட்டியவர், 1769இல் வர்ஜீனியாவில் இறந்த எட்வின் ஹிக்மன்.

இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. இன்னார் மேஃபிளவர் கப்பலில் வந்தவரின் வழித்தோன்றல், இன்னார் ஜேம்ஸ்டவுன் குடும்பம் என்றெல்லாம் படிக்கிறோம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு 2026இல் நிறைவடைவதால் இந்த ஆர்வம் இன்னும் கூடும். நானூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்துவந்த ஒருவரையும் இன்று வாழும் ஒருவரையும் எதை வைத்து இணைக்கிறார்கள்? அந்த இணைப்பை எவ்வளவு நம்பலாம்?

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தாத்தா பாட்டி ஒருவராகவே இருந்தால் முதல் கசின். கொள்ளுத்தாத்தா ஒருவரானால் இரண்டாம் கசின். ஒன்பதாம் கசின் என்றால் பத்துத் தலைமுறை மேலே போனால்தான் பொது மூதாதை கிடைப்பார். நம்மிடம் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேல்நோக்கி எண்ணச் சொற்கள் உண்டு. பக்கவாட்டில் இத்தனை தூரம் எண்ணும் வழக்கம் இல்லை. பத்துத் தலைமுறை மேலே ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இருவருக்கும் பொதுவாக அமைவது அதிசயமே அல்ல. அதை ஏடுகளை வைத்துக் காட்ட முடிவதுதான் அரிது.

முதலில் வந்தவர்கள்

ஆங்கிலேயரின் நிலைத்த குடியேற்றம் 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் தொடங்கியது. 1620இல் மேஃபிளவர் 102 பயணிகளோடு வந்தது. அவர்கள் அமைத்த ஊர் பிளிமத். வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் ஒரு கப்பல் கூட்டம் மாசசூசெட்ஸுக்கு வந்தது. 1640 வரையில் சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்தில் குடியேறினார்கள். இன்று நியூயார்க் இருக்கும் இடத்தில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். 1664இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. வில்லியம் பென்னுக்குப் பென்சில்வேனியா 1681இல் கிடைத்தது. அங்கே குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரும் பிறகு ஜெர்மானியர்களும் வந்தார்கள்.

இந்தப் பட்டியல் மனப்பாடத்துக்கு அல்ல. மூதாதை எந்தக் குடியேற்றத்தில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்தே எந்த ஏடு மிஞ்சியிருக்கும் என்பது அமைகிறது.

கீழிருந்து மேலே

மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் பார்க்கிறோம். இன்றைய உரிமையாளர் யாரிடம் வாங்கினார், அவருக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னோக்கிப் போகிறோம். நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால் மேலே எத்தனை பழைய செப்பேடு இருந்தாலும் பயனில்லை. கொடிவழியும் அப்படித்தான். 'இன்னார் இன்னாரின் மகன்' என்ற ஒவ்வொரு கூற்றும் தனித்தனியாக நிரூபிக்கப்பட வேண்டிய கண்ணி. 1620 முதல் இன்றுவரை சுமார் பதின்மூன்று கண்ணிகள் இருக்கும். பன்னிரண்டு உறுதியாக இருந்து ஒன்று மட்டும் ஊகமானால், முழுக் கொடிவழியும் ஊகம்தான்.

எனவே புகழ்பெற்ற பெயரில் தொடங்கி இறங்கிவருவது தவறான வழி. தன்னிலிருந்து தொடங்கி மேலேறுவதே சரி. அப்படி ஏறும்போது சான்றுகள் மூன்று கட்டமாக மாறுகின்றன.

1. 1850க்குப் பிறகு. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் முதன்முறையாக எழுதப்பட்டது. 1880 கணக்கெடுப்பு குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் பெற்றோர் பிறந்த இடத்தையும் சேர்த்துச் சொல்கிறது. 1890 ஏடுகள் மட்டும் 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின் பெரும்பாலும் அழிந்தன. கணக்கெடுப்பு ஏடுகளை 72 ஆண்டுகள் கழித்தே திறக்கிறார்கள். 1950ஆம் ஆண்டுக்குரியது 2022இல் வெளிவந்தது.

2. 1790 முதல் 1840 வரை. கணக்கெடுப்பு இருந்தது. ஆனால் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் எழுதப்பட்டது. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. மனைவி, பிள்ளைகள், பாட்டி எல்லாரும் கட்டத்துக்குள் ஒரு இலக்கமாக ஒடுங்கிவிடுகிறார்கள்.

3. 1790க்கு முன். நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பே கிடையாது. ஊர்ப் பதிவேடு, தேவாலயப் பதிவேடு, உயில், நிலப் பத்திரம், வரிப் பட்டியல், நீதிமன்றக் குறிப்பு என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும்.

பலரின் தேடல் நின்றுபோவது 1620இல் அல்ல, இரண்டாம் கட்டத்தில்தான். விடுதலைப் போருக்குப் பின் குடும்பங்கள் வடக்கேயும் மேற்கேயும் வெர்மான்ட், ஒஹையோ, கென்டக்கி என்று இடம்பெயர்ந்தன. புதிய ஊரில் பிறப்புப் பதிவு இல்லை; பழைய ஊரில் இவர்கள் எங்கே போனார்கள் என்ற குறிப்பு இல்லை. 1810இல் ஓரிடத்தில் ஓர் இளைஞன் திடீரென நிலம் வாங்குகிறான். அவன் எந்த ஊரில் யாருக்குப் பிறந்தவன்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், அதற்கு மேலே பல குடும்பங்களுக்குப் பாதை எளிதாகிவிடுகிறது.

வடக்கே ஊர் ஏடு, தெற்கே நில ஏடு

நியூ இங்கிலாந்தில் வாழ்க்கை ஊரை மையமாகக் கொண்டது. மாசசூசெட்ஸ் 1639இலேயே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டது. எல்லாரும் பதியவில்லை என்றாலும், ஊர் எழுத்தரின் ஏடு பல இடங்களில் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து வந்த குடும்பங்களின் கொடிவழி அதிகமாக வெளியில் தெரிவதற்கு அவர்களின் பெருமை காரணமல்ல, இந்த ஏடுகளே காரணம்.

வர்ஜீனியாவில் குடியிருப்புகள் ஆற்றங்கரைத் தோட்டங்களாகச் சிதறிக் கிடந்தன. தேவாலயப் பதிவேடுகள் சிலவே மிஞ்சின. ஆவணங்கள் மாவட்ட நீதிமன்றங்களில் இருந்தன; அவை எரிந்தபோது எல்லாம் போயிற்று. ஹனோவர் மாவட்டத்தின் ஏடுகளைப் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பினார்கள்; 1865 ஏப்ரலில் அந்த நகரம் எரிந்தபோது அவையும் பெரும்பாலும் சாம்பலாயின. 'எரிந்த மாவட்டம்' என்பது அங்கே ஆய்வாளர்களிடையே புழங்கும் தனிச்சொல்லாகவே ஆகிவிட்டது.

அதனால் தெற்கே நிலம்தான் பேசும். 1618 முதல் வர்ஜீனியாவில் ஓர் ஆளை அழைத்துவந்தால் 50 ஏக்கர் என்று ஒரு தலைவீத உரிமை இருந்தது. நிலப் பட்டயத்தில் அழைத்துவரப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயரைக் கண்டதும் 'என் மூதாதை இந்த ஆண்டு வந்திறங்கினார்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. பட்டயத்தின் தேதி நிலம் கேட்ட தேதி. ஆள் வந்தது பல ஆண்டுகள் முன்பாகவும் இருக்கலாம். அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம். ஒரே ஆளைக் காட்டி இருமுறை நிலம் பெற்றதும் உண்டு.

நிலம் வேறொரு வகையிலும் பேசுகிறது. வர்ஜீனியாவில் உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போகும் என்ற விதி 1785 சட்டத்தால்தான் நீங்கியது. ஒருவர் நிலத்தை விற்கிறார், ஆனால் அவர் வாங்கிய பத்திரம் எங்கும் இல்லை என்றால், அது பிதுரார்ஜிதமாக வந்திருக்கலாம். முன்பு அதே நிலத்தை வைத்திருந்தவர் அவருடைய தந்தையாக இருக்கலாம். இதுபோன்ற மறைமுகச் சான்றுகளைக் கோத்துத்தான் தெற்கின் பல கண்ணிகள் நிரூபிக்கப்படுகின்றன.

கப்பல் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கா வரும் கப்பல்கள் பயணிகள் பட்டியல் ஒப்படைக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 1819இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் முறையான பட்டியல் இல்லை. 1727 முதல் பென்சில்வேனியாவில் ஜெர்மானியர்களிடம் வாங்கிய விசுவாச உறுதிமொழிப் பட்டியல்கள் போன்றவை விதிவிலக்கு. மேஃபிளவருக்குக்கூடக் கப்பலிலேயே எழுதிய பட்டியல் நம்மிடம் இல்லை. இருப்பது ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து எழுதிவைத்த பெயர்ப் பட்டியல்தான்.

எலிசபெத் யாருடைய மகள்?

அந்தப் பட்டியல் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே திருத்தியது.

ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞர் மேஃபிளவரில் ஜான் கார்வரின் பணியாளாக வந்தார். நடுக்கடலில் புயலில் கப்பலிலிருந்து விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பற்றிப் பிழைத்தவர் அவர். பிளிமத்தின் முதல் ஆளுநரான கார்வரும் அவர் மனைவியும் 1621இல் இறந்தார்கள். ஹவ்லண்ட் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரும் வளர்ந்து குடும்பம் ஆனார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ் அதிபர்களும் இவர் வழியில் வந்தவர்கள்.

எலிசபெத் ஆளுநர் கார்வரின் மகள் என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். வழித்தோன்றல்கள் பிளிமத்தில் நட்ட நினைவுக்கல்லிலும் அப்படியே பொறித்தார்கள். பணியாளர் எஜமானின் மகளை மணந்தார் என்பது கேட்க அழகாகவும் இருந்தது.

பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போயிருந்தது. 1855இல் அது லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அச்சானது. ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்று அதில் தெளிவாக இருந்தது. டில்லி தம்பதியும் மேஃபிளவரில் வந்து, முதல் குளிர்காலத்தில் இறந்தவர்கள். எலிசபெத்துக்கு 1607இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊரில் ஞானஸ்நானம் நடந்த பதிவும் உண்டு. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் ஆளுநர் வீட்டுப் பிள்ளை அல்ல. பெற்றோரை இழந்து அந்நிய மண்ணில் தனியாக நின்றவள்.

இந்த ஒரு நிகழ்விலிருந்து பல செய்திகள் கிடைக்கின்றன. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள் என்பது சான்று ஆகாது, ஏனெனில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னவர்கள். கல்லில் பொறித்திருந்தாலும், நிகழ்வுக்குப் பல தலைமுறை கழித்து எழுதியது செவிவழிச் செய்திதான். மணமக்களை நேரில் அறிந்த ஒருவர் எழுதிய ஒரு வரி அத்தனையையும் மாற்றிவிட்டது.

அடுத்த தலைமுறைக்கான கண்ணி எப்படி உறுதியாகிறது என்பதையும் இதே குடும்பத்தில் பார்க்கலாம். ஹவ்லண்ட் தம் உயிலில் மகள்களை டிசயர் கோரம், ஹோப் சிப்மன் என்று கணவன் வீட்டுப் பெயரோடு குறிப்பிடுகிறார். மணமான மகளைத் தந்தையோடு இணைக்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். மணமானதும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் ஏடுகளிலிருந்து மறைந்துவிடும் நாட்டில், தந்தையின் உயில்தான் பெரும்பாலும் அவளை மீட்டுத் தருகிறது.

தேதியும் சொல்லும் தடுமாற வைக்கும் இடங்கள்

ஹவ்லண்டின் உயில் 1672 மே 29இல் எழுதப்பட்டது. அவர் இறந்தது அதே 1672இன் பிப்ரவரி 23இல் என்று அக்கால வழக்கில் எழுதியிருக்கும். அப்படியானால் இறந்தபின் உயில் எழுதினாரா?

இல்லை. 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1672 பிப்ரவரி என்பது 1672 மே மாதத்துக்குப் பிறகு வருவது. நம் கணக்கில் அது 1673. குழப்பம் வராமல் இருக்க 1672/73 என்று இரட்டை ஆண்டாக எழுதுவார்கள். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. நடுவில் பதினொரு நாள்கள் நீக்கப்பட்டன. ஜார்ஜ் வாஷிங்டன் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11இலும் புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22இலும் பிறந்தவர் ஆவது இதனால்தான். குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், எண் சொல்வார்கள். 1752க்கு முன் அவர்களின் 'முதல் மாதம்' மார்ச்.

சொற்களும் இடம் மாறி நிற்கும். 'ஜூனியர்' என்றால் மகன் என்று கட்டாயம் இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த இருவரில் இளையவர், அவ்வளவுதான். 'கசின்' என்பது தம்பி மகனையும் குறித்தது. 'சன் இன் லா' மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முந்தைய கணவனுக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம்.

பெயர் ஒன்றானால் குடும்பம் ஒன்றா?

வின்ஸ்லோ என்றதும் நமக்கு 1862இல் சென்னையில் வெளியான பெரிய தமிழ்–ஆங்கில அகராதியும், வெர்மான்ட்டில் பிறந்து யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வந்த மிரன் வின்ஸ்லோவும் நினைவுக்கு வரும். அமெரிக்கருக்கோ மேஃபிளவரில் வந்து பிளிமத் ஆளுநரான எட்வர்டு வின்ஸ்லோ நினைவுக்கு வருவார். ஆனால் எட்வர்டின் சகோதரர்கள் ஜான், கெனெல்ம், ஜோசையா மூவரும் பின்னர் வேறு கப்பல்களில் வந்தவர்கள். வின்ஸ்லோ என்ற பெயர் இருப்பதாலேயே மேஃபிளவர் வழி என்று சொல்ல முடியாது. அதேசமயம் ஜான் வின்ஸ்லோவின் பிள்ளைகள் மேஃபிளவர் வழியினரே, தாய் மேரி சில்டன் அந்தக் கப்பலில் வந்தவர் என்பதால். இந்த வழி குடும்பப் பெயரில் தெரியாது. தாயைத் தேடினால்தான் தெரியும்.

யேல் பெயரும் இப்படித்தான். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்து, சிறு வயதில் இங்கிலாந்து போய், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவர் மகன் டேவிட் குழந்தையாகவே சென்னையில் இறந்தான். கல்லறை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் குடும்பங்கள் நியூ ஹேவனில் தங்கிவிட்ட அவர் தந்தையின் சகோதரர் தாமஸின் வழியில் வந்தவை. யேல் என்ற பெயரைக் கண்டு எலிஹுவின் நேர் வாரிசு என்று எழுதினால் அது பிழை.

இந்தப் பிழைகள் தெரியாமல் நேர்வன. தெரிந்தே செய்ததும் உண்டு. ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய குஸ்டாவ் அன்ஜூ (இறப்பு 1942) வசதியான குடும்பங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, இல்லாத ஏடுகளை இருப்பதாகக் காட்டி வம்சாவளிகள் தயாரித்துத் தந்தார். அவை அச்சாகி நூலகங்களில் ஏறின. இன்று இணையத்தில் நகலெடுக்கப்படும் வம்ச மரங்களில் அவருடைய கற்பனை மூதாதையர்கள் இன்னும் வாழ்கிறார்கள்.

ஏட்டில் இடம் பெறாதவர்கள்

உயில், பத்திரம், வரி எல்லாமே சொத்துள்ளவரின் ஏடுகள். குடியேறிய வெள்ளையரில் பாதிக்கும் மேலானோர் ஒப்பந்தப் பணியாளர்களாக, பயணச் செலவுக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பை அடகு வைத்து வந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலரின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை.

ஆப்பிரிக்கர்கள் 1619இலேயே வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மேஃபிளவருக்கு ஓராண்டு முன்பே. 'ஆரம்பக் குடியேறிகள்' பற்றிய பெருமைப் பேச்சில் அவர்களுக்கு இடம் தராமல் இருப்பது வரலாற்றுக்கு ஒவ்வாதது. ஆனால் 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. அவர்களில் மிகப் பலரின் பெயர் கணக்கெடுப்பில் முதன்முதலாக ஏறியது 1870இல். அதற்கு மேலே போக, உரிமையாளர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கைத் தேட வேண்டும். கால்நடைக்கும் கலப்பைக்கும் நடுவே, விலை போட்ட ஒரு பெயராகத்தான் அங்கே மூதாதை கிடைப்பார்.

டிஎன்ஏ இங்கே உதவுகிறது, ஓர் எல்லை வரை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் பல நூற்றாண்டுகள் ஏறத்தாழ மாறாமல் வரும். மற்ற டிஎன்ஏவின் பெரும்பகுதியில் ஒரு மூதாதையின் பங்கு தலைமுறைதோறும் சராசரியாகப் பாதியாகக் குறைகிறது. பத்துத் தலைமுறைக்கு அப்பாலுள்ள பல மூதாதையரிடமிருந்து நமக்கு ஒரு துண்டுகூட வந்திராது. சோதனை இரு குடும்பங்கள் இணைகின்றன என்று சொல்லும். எந்த ஆள் வழியாக என்று தானாகச் சொல்லாது.

கொடிவழி ஒன்றைக் கையில் எடுத்தால்

1. ஒவ்வொரு கண்ணிக்கும் தனிச் சான்று காட்டப்பட்டிருக்கிறதா, மொத்தமாக ஒரு நூலின் பெயர் மட்டும் இருக்கிறதா?
2. அந்தச் சான்று நிகழ்ந்த காலத்தில், அறிந்தவரால் எழுதப்பட்டதா?
3. அதே பெயரில் அதே ஊரில் வேறொருவர் இருந்தாரா? இருந்தால் இருவரையும் எப்படிப் பிரித்தார்கள்?
4. முரண்படும் சான்றை எடுத்துப் பேசியிருக்கிறார்களா, மறைத்துவிட்டார்களா?
5. ஊகம் இருக்கும் கண்ணியை ஊகம் என்று சொல்லியிருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளை ஒரு செய்தியின் மேல் வைத்துப் பார்ப்போம். 1640இல் வர்ஜீனியாவில் மூன்று பணியாளர்கள் எஜமானிடமிருந்து மேரிலாந்துக்குத் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாகச் சில ஆண்டுப் பணி தண்டனை. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு வாழ்நாள் முழுதும் அடிமைப் பணி. ஒபாமா இவருடைய வழித்தோன்றலாக இருக்கலாம் என்று 2012இல் வம்சாவளித் தேடல் சேவை நடத்தும் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் அறிவித்தது. கென்யத் தந்தை வழியாக அல்ல, கான்சாஸில் பிறந்த வெள்ளைத் தாய் வழியாக.

தாயின் மூதாதையரில் ஒரு குடும்பத்தின் பெயர் தமிழில் எழுதினால் அதே பஞ்ச். ஆனால் ஒலி வேறு: ஜானின் பெயரில் 'பல்' என்பதில் வரும் ப, இவர்கள் பெயரில் 'பயம்' என்பதில் வரும் ப. இந்தக் குடும்பம் வர்ஜீனியாவில் நிலம் வைத்திருந்தது, காலப்போக்கில் வெள்ளையராகவே பதிவானது. கீழிருந்து அந்தக் குடும்பம் வரை ஏடுகள் இருக்கின்றன. அந்தப் பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம் ஆப்பிரிக்க வழியைக் காட்டுகிறது. ஆக, குடும்பத்தின் தொடக்கத்தில் ஓர் ஆப்பிரிக்க ஆண் இருந்தார் என்பது உறுதி. அவர் ஜான் பஞ்ச்தானா என்பதுதான் கடைசிக் கண்ணி. பிறப்புப் பதிவோ உயிலோ அதற்கு இல்லை. இருப்பவை பெயரின் ஒற்றுமை, காலம், இடம், அக்கால வர்ஜீனியாவில் அப்படிப் பெயருள்ள ஆப்பிரிக்கர் வேறு யாரும் ஏடுகளில் தென்படாமை. ஆய்வாளர்கள் 'நிரூபணமாயிற்று' என்று எழுதவில்லை; சான்றுகள் வலுவாக அந்தப் பக்கம் சுட்டுகின்றன என்றே எழுதினார்கள். மறுநாள் தலைப்புச் செய்திகள் பலவற்றில் அந்த 'இருக்கலாம்' என்ற சொல் இல்லை.